படம் எடுப்பவரும் படத்தில் இருப்பவரும்



வெளிநாட்டுப் பயணம் புறப்படுகிறவர்கள் ஒரு காலத்தில் மறவாமல் பெட்டியில் எடுத்து வைத்த பொருள் காமிரா. இன்று அதைத் தனியே எடுத்து வைக்கத் தேவையில்லை. கைப்பேசியிலேயே அது அடங்கிவிட்டது. பாங்காக் சென்றாலும் பாலித் தீவு சென்றாலும் கோயில், கடைத்தெரு, வயல்வெளி எனக் கண்ணில் படுவதையெல்லாம் படமாக்கிக்கொண்டு வருகிறோம். வீடு திரும்பியதும் உற்றார் உறவினருக்குக் காட்டி மகிழ்கிறோம். பயணத்தின் இன்பங்களுள் இதுவும் ஒன்று. அதை யாரும் குறை சொல்வதற்கில்லை.

ஆயினும் கோயிலையும் வயலையும் படம் எடுப்பது வேறு. மனிதரைப் படம் எடுப்பது வேறு. கோயிலுக்கு நம் காமிரா தெரியாது. மனிதருக்குத் தெரியும். தம்மை ஓர் அந்நியர் படம் எடுத்துச் செல்வதில் அவருக்குச் சம்மதம் உண்டா, அந்தப் படம் எங்கே போகும், யார் பார்ப்பார்கள், அவரைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்ற கேள்விகள் இன்று நேற்றுத் தோன்றியவை அல்ல. புகைப்படக் கலை இப்பக்கம் கரையேறிய நாள் தொட்டே இவை அதனுடன் வந்துகொண்டிருக்கின்றன. அந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். அதிலே நம் முன்னோர்களின் முகங்களும் இருக்கின்றன.

புகைப்படம் எடுக்கும் முறை உலகிற்கு வெளியிடப்பட்ட நாள் 1839ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 19ஆம் நாள். இடம் பாரிஸ் மாநகரம். தாகேர் என்னும் பிரெஞ்சுக்காரர், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒளியைக் கொண்டே உருவம் பதிக்கும் வழியைக் கண்டிருந்தார். பிரெஞ்சு அரசு அவருக்கு ஓய்வூதியம் வழங்கி, அம்முறையை யாவரும் பயன்படுத்தலாம் என அறிவித்தது. சில ஆண்டுகளுக்குள் அக்கலை கப்பலேறி நம் நீரிணைப் பகுதிக்கு வந்து சேர்ந்தது.

அதைக் கண்டு வியந்து எழுதிவைத்தவர்களுள் ஒருவர் முன்ஷி அப்துல்லா. மலாக்காவில் பிறந்த இவர் தமிழ், அரபு வழிவந்தவர். இளமையில் தமிழும் கற்றவர். மலாய் உரைநடையின் முன்னோடி எனப் போற்றப்படுபவர். 1849ஆம் ஆண்டில் வெளிவந்த தம் 'ஹிக்காயத் அப்துல்லா' என்னும் வரலாற்று நூலில், அமெரிக்கப் போர்க்கப்பலில் வந்த மருத்துவர் ஒருவரின் கருவியையும், உலோகத் தகட்டில் அப்படியே பதிந்திருந்த சிங்கப்பூர் நகரின் தோற்றத்தையும் பற்றி அவர் எழுதியிருக்கிறார். மனிதக் கை தீட்டாத ஓர் ஓவியத்தைக் கண்ட வியப்பு அவ்வெழுத்தில் தெரிகிறது.

1843ஆம் ஆண்டு டிசம்பரில், சிங்கப்பூரில் தங்கும் விடுதி நடத்திய துத்ரோங்குவா என்பவர், தம்மிடம் வந்தால் இம்முறையில் உருவப்படம் எடுத்துத் தரப்படும் எனச் செய்தித்தாளில் விளம்பரம் செய்தார். அடுத்த ஆண்டு, 1844இல், ஜூல் இத்தியே என்ற பிரெஞ்சுக்காரர் இன்று ஃபோர்ட் கேனிங் என வழங்கும் குன்றின் மேலிருந்து ஆற்றங்கரையையும் நகரையும் படம் எடுத்தார். இன்றளவும் எஞ்சி நிற்கும் சிங்கப்பூரின் மிகப் பழைய படங்களுள் அதுவும் ஒன்று.

இந்த இத்தியே யார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அவர் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் அல்லர். சுங்கத் துறை அதிகாரி. சீனத்தோடு வணிக ஒப்பந்தம் செய்துகொள்ளப் பிரான்ஸ் அனுப்பிய தூதுக்குழுவில் ஒருவராக வந்தவர். அபினிப் போரில் சீனம் தோற்றிருந்த காலம் அது. 1844 அக்டோபரில் அந்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. போர்க்கப்பலும் வணிகரும் அளவைக்காரரும் வந்த அதே வழியில்தான் காமிராவும் இக்கீழ்த்திசை நாடுகளுக்கு வந்தது. அதன் பின்னால் நின்றவர் பெரும்பாலும் ஆளும் இனத்தவர்; முன்னால் நிறுத்தப்பட்டவர் ஆளப்பட்டவர். இதனை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் செய்திகள் தெளிவாக விளங்கும்.

1862ஆம் ஆண்டில் ஜான் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சிங்கப்பூருக்கு வந்து புகைப்பட நிலையம் நடத்தினார். அக்காலத்தில் படம் எடுப்பது எளிய வேலையன்று. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, ஈரம் உலரும் முன்பே படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் வைத்துக் கழுவியாக வேண்டும். இரசாயனப் புட்டிகள், கண்ணாடிகள், கூடாரம் ஆகியவற்றைச் சுமக்க ஆட்கள் வேண்டும். இத்தனையையும் சுமந்துகொண்டு தாம்சன் சயாமுக்கும், 1866இல் கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்கும், பின்னர் சீனத்தின் உட்பகுதிகளுக்கும் சென்றார்.

1865இல் பாங்காக்கில் மன்னர் மோங்குட்டை அவர் படம் எடுத்த நிகழ்ச்சி சுவையானது. மன்னர் முதலில் தூய வெள்ளாடை அணிந்து வந்தார். வழிபாடு செய்யும் கோலத்தில் படம் எடுக்க வேண்டும் என்றார். சற்று நேரத்தில் மனத்தை மாற்றிக்கொண்டு உள்ளே சென்று, படைத்தலைவரின் உடுப்பில் திரும்பி வந்தார். எந்த உடையில், எந்தக் கோலத்தில் உலகம் தம்மைக் காண வேண்டும் என்பதை அவரே முடிவு செய்தார். படம் எடுப்பவர் காத்திருந்தார்.

அந்த உரிமை எல்லாருக்கும் கிடைக்கவில்லை. சீனத்துக் கிராமங்களில் தம்மை ஆபத்தான மந்திரக்காரர் என்றும், தம் காமிராவைத் தீய சக்தி கொண்ட கருவி என்றும் மக்கள் எண்ணினார்கள் எனத் தாம்சனே எழுதியிருக்கிறார். படம் எடுத்தால் உயிர் போய்விடும் என்ற அச்சம் அங்கே பலரிடம் இருந்தது. இதைப் படிக்கும்போது நமக்குச் சிரிப்பு வரலாம். 'அறியாமை' என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிடவும் தோன்றலாம். ஆனால் போரில் தோற்ற நாட்டின் சிற்றூரில், வெள்ளைக்காரர் ஒருவர் பெட்டியொன்றைத் திறந்து கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தால், அதைக் கண்ட உழவர் நன்மையை எதிர்பார்த்திருப்பாரா? உயிர் போகும் என்ற எண்ணம் தவறாக இருக்கலாம். தம்மிடமிருந்து ஏதோ ஒன்றைக் கேளாமலே எடுத்துச் செல்கிறார்கள் என்ற எண்ணம் தவறன்று.

இனி நம் இல்லத்துக் கதைக்கு வருவோம். 1867ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ஹை ஸ்திரீட்டில் ஜி. ஆர். லாம்பர்ட் என்ற ஜெர்மானியர் புகைப்பட நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அந்நிறுவனம் வளர்ந்து கோலாலம்பூர், பாங்காக், சுமத்திராவின் டெலி ஆகிய இடங்களிலும் கிளை விரித்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயா, சிங்கப்பூர், சயாம், போர்னியோ ஆகிய நாடுகளைப் பற்றிய சுமார் 3,000 காட்சிகள் அதனிடம் விற்பனைக்கு இருந்தன. கப்பலில் வந்து இறங்கும் ஐரோப்பியப் பயணிகள் அவற்றை வாங்கித் தங்கள் படத்தொகுப்பில் ஒட்டிக்கொண்டு ஊர் திரும்பினார்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் பட அஞ்சலட்டைகள் பரவிய பின், இத்தகைய படங்கள் சில காசுக்கே கிடைத்தன.

அப்படங்களில் துறைமுகம், பூந்தோட்டம், கட்டடங்கள் ஆகியவற்றோடு மனிதர்களும் இருந்தார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று இனவாரியாகவும், முடிதிருத்துபவர், மாட்டுவண்டிக்காரர், வட்டித்தொழில் செய்யும் செட்டியார் என்று தொழில்வாரியாகவும் வகைப்படுத்தப்பட்டிருந்தார்கள். தமிழர் படங்களின் கீழ், நம்மவர் பிற்காலத்தில் இழிசொல்லாகக் கருதி வெறுத்த 'கிளிங்' என்ற சொல்லே பல இடங்களில் அச்சிடப்பட்டது. மூக்குத்தியும் காதணியும் அணிந்து நிற்கும் ஒரு பெண். அவள் பெயர் என்ன? எந்த ஊரிலிருந்து வந்தாள்? யாருக்குத் தாய்? அட்டையில் விடை இல்லை. 'ஒரு கிளிங் பெண்' என்பதோடு சரி. விடுதியில் தங்கிய பயணியின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அவர் வாங்கிச் சென்ற படத்தில் இருந்தவளின் பெயர் எங்குமே இல்லை.

இதே காலத்தில் நம்மவர் எடுத்துக்கொண்ட வேறு வகைப் படங்களும் உண்டு. மலாயாவுக்கு வந்து கொஞ்சம் பொருள் சேர்த்தவர்கள், வெளுத்த வேட்டியும் மேற்சட்டையும் தலைப்பாகையும் அணிந்து, பட்டணத்துப் புகைப்பட நிலையத்துக்குத் தாமே நடந்து சென்றார்கள். திரைச்சீலைக்கு முன்னே, பூச்சாடி வைத்த முக்காலியின் அருகில், நிமிர்ந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். அதை ஊரிலிருக்கும் தாய் தந்தையருக்கு அனுப்பினார்கள். 'நான் நலமாக இருக்கிறேன்' என்று எழுத்தறியாத தாய்க்கும் அந்தப் படம் சொல்லிற்று. பழைய குடும்பங்கள் சிலவற்றின் சுவர்களில் அத்தகைய படங்கள் இன்றும் தொங்குகின்றன. பின்புறத்தில் பெயரும் தேதியும் எழுதப்பட்டிருப்பதும் உண்டு.

ஒரே காலம், ஒரே வகைக் காமிரா, ஒரே மக்கள். ஆனாலும் அஞ்சலட்டையில் இருப்பவர் ஒரு வகையின் மாதிரி; சுவரில் இருப்பவர் ஒரு மனிதர். இரண்டையும் பிரிப்பது கருவியின் திறன் அன்று. படத்தில் இருப்பவர் விரும்பி நின்றாரா, படம் யாருக்காக எடுக்கப்பட்டது, அவர் பெயர் காப்பாற்றப்பட்டதா என்ற மூன்றே செய்திகள்தாம்.

மனிதரை மாதிரியாக்குவதால் என்ன கேடு என்று சிலர் கேட்கலாம். அதற்கு இந்திய வரலாற்றில் விடை இருக்கிறது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், தாம் ஆளும் மக்களை அறிந்துகொள்ள விரும்பிய ஆங்கில அரசு, இந்திய மக்களின் படங்களைத் திரட்டியது. 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக, 468 புகைப்படங்களுடன் 'இந்திய மக்கள்' என்ற பொருள்படும் தலைப்பில் அவை இலண்டனில் வெளியாயின. ஒவ்வொரு படத்துக்கும் அருகில், இந்தச் சாதியார் இத்தகைய குணத்தவர், இவர்களை நம்பலாம், இவர்களை நம்பலாகாது என்ற பாங்கில் குறிப்புகள் எழுதப்பட்டிருந்தன.

பின்னாளில் அலிகார் கல்லூரியை நிறுவிய சர் சையது அகமது கான், 1869இல் தம் மகன்களோடு இலண்டனில் இருந்தார். இந்தியா அலுவலகத்தில் இந்நூல் அவர்கள் பார்வைக்குக் கிடைத்தது. அதைப் புரட்டிக்கொண்டிருந்த மகனிடம் ஓர் ஆங்கில இளைஞர் வந்து, 'நீரும் இந்துஸ்தானியா?' என்று கேட்டார். மகனின் முகம் சிவந்தது. ஆம் என்று சொன்ன கையோடு, தாம் அந்நாட்டின் ஆதிக்குடிகளைச் சேர்ந்தவர் அல்லர், தம் முன்னோர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று அவசர அவசரமாக விளக்கம் கூறினார். தந்தை இதை மிகுந்த மன வேதனையுடன் எழுதியிருக்கிறார். சொந்த நாட்டவரின் படங்களைப் பார்த்து ஒரு படித்த இளைஞர் வெட்கப்படுகிறார்; 'நான் அவர்களில் ஒருவன் அல்லன்' என்று விலகுகிறார். ஒரு படத்தொகுப்பு செய்யக்கூடிய கேட்டிற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே 1869ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் புகழ்பெற்ற உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி ஒரு திட்டம் வகுத்தார். பேரரசின் பல்வேறு இன மக்களையும் ஆடையின்றி, அளவுகோலின் பக்கத்தில் நிறுத்தி, முன்புறமும் பக்கவாட்டிலும் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது அத்திட்டம். குடியேற்ற நாடுகளின் நிருவாகங்களுக்கு அது அனுப்பப்பட்டது. அறிவியலின் பேரால் மனிதர் அளவுகோலுக்குப் பக்கத்தில் நிற்கும் பொருளானார். மறுக்க வாய்ப்பில்லாத சிறைக்கைதிகளே சில இடங்களில் அதற்குக் கிடைத்தார்கள்.

அதுவரை காமிரா தொழில் செய்வோரிடமும் அதிகாரிகளிடமும் வசதி படைத்தோரிடமும் இருந்தது. 1888ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜ் ஈஸ்ட்மன் 'கோடாக்' காமிராவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 25 அமெரிக்க வெள்ளி. உள்ளே 100 படங்களுக்கான சுருள். எடுத்து முடித்ததும் காமிராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடலாம். படங்களைக் கழுவி, புதுச் சுருள் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்துவது மட்டும் உங்கள் வேலை, மற்றவற்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதே அவர்களின் விளம்பரம். 1900இல் 'பிரௌனி' என்ற காமிரா ஒரே வெள்ளிக்கு வந்தது. பயணிகள் யாவரும் படம் எடுப்பவர் ஆனார்கள்.

தாம்சன் காலத்தில் ஒரு படம் எடுக்க அரைமணி நேரமாவது ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அதற்குள் ஊர் கூடிவிடும், பேச்சு நடக்கும், மறுப்பவர் மறுத்து விலகலாம். கோடாக் வந்தபின் அந்த இடைவெளி மறைந்தது. எதிரே இருப்பவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் படம் எடுத்தாகிவிட்டது. வசதி பெருகிற்று, சம்மதம் கேட்கும் வாய்ப்புச் சுருங்கிற்று.

இதனால் பாதிக்கப்பட்டவர்கள் பேசாமல் இருந்துவிடவில்லை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஹோப்பி என்னும் பழங்குடியினர் வாழ்கிறார்கள். மழை வேண்டி அவர்கள் செய்யும் பாம்பு நடனம் புனிதமான வழிபாடு. இரயில் பாதை அப்பகுதிக்கு வந்தபின், 1890களில் அதைப் பார்க்கப் பயணிகள் திரண்டார்கள். நல்ல இடம் பிடிப்பதற்காகக் காமிராக்காரர்கள் முட்டி மோதிக்கொண்டார்கள். வழிபாட்டுக்கு இடையூறு நேர்ந்தது. ஹோப்பிகள் முதலில் படம் எடுப்பவர்களுக்கென்று ஓர் எல்லையை வகுத்தார்கள். அதுவும் பயன்படாமற்போகவே, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில், தங்கள் சடங்குகளைப் படம் எடுப்பதையே தடை செய்தார்கள். ஒரு நூற்றாண்டு கடந்தும் அத்தடை நிற்கிறது. அவர்களுடைய ஊர்களுக்குச் செல்லும் விருந்தினர் இன்றும் காமிராவை வெளியே எடுப்பதில்லை.

நம் காலத்துக்கு நெருங்கிய இன்னொரு நிகழ்ச்சி. 1984ஆம் ஆண்டு டிசம்பரில், பாகிஸ்தானின் பெஷாவர் நகருக்கு அருகே இருந்த அகதி முகாமில், கூடாரப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த ஓர் ஆப்கானியச் சிறுமியை ஸ்டீவ் மெக்கரி என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் படம் எடுத்தார். 1985 ஜூன் மாத 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழின் அட்டையில் அது வெளிவந்தது. பச்சை நிறக் கண்கள் கொண்ட அந்த முகத்தை உலகமே அறிந்தது. அவள் பெயரை மட்டும் யாரும் அறியவில்லை. 2002ஆம் ஆண்டில் தேடிக் கண்டுபிடித்தபோதுதான் அவர் ஷர்பத் குலா என்பது தெரிந்தது. உலகத்தின் கண்ணில் பதினேழு ஆண்டுகள் இருந்த அந்தப் படத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. அன்று தமக்கு வந்த கோபம் மட்டும் அவர் நினைவில் இருந்தது. முன்பின் தெரியாத ஓர் ஆடவர் தம்மைப் படம் எடுத்ததால் வந்த கோபம் அது. நாமோ அந்தப் பார்வையில் அச்சத்தையும் துயரத்தையும் அழகையும் கண்டு கட்டுரைகள் எழுதினோம். கோபத்தைக் கண்டவர் எத்தனை பேர்?

அப்படத்தால் அகதிகளின் துன்பத்தை உலகம் அறிந்தது என்பதும் உண்மை. பிற்காலத்தில் அவருக்கு உதவிகள் கிடைத்ததும் உண்மை. 2021இல் இத்தாலி நாடு அவருக்கு அடைக்கலம் கொடுத்தது. ஆயினும் நல்ல பயன் விளைந்தது என்பதற்காக, முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இல்லாமற்போய்விடாது.

இன்று உலகின் பல ஊர்கள் இக்கேள்வியைத் தாமே வெளிப்படையாக எழுப்பத் தொடங்கிவிட்டன. ஜப்பானின் கியோத்தோ நகரில் கியோன் என்னும் பகுதி உண்டு. மரபுக்கலை பயின்ற நடனமாதர் மாலைப் பொழுதில் அதன் சந்துகளின் வழியே தம் தொழிலுக்கு நடந்து செல்வார்கள். பயணிகள் வழிமறித்தும், உடையைப் பற்றி இழுத்தும் படம் எடுக்கத் தலைப்பட்டதால், 2019ஆம் ஆண்டில் அங்குள்ளவர்கள் தங்கள் தனியார் தெருக்களில் படம் எடுக்கத் தடை விதித்தார்கள். மீறுவோர் 10,000 யென் செலுத்த வேண்டும் என்று அறிவிப்பு வைத்தார்கள். 2024இல் சில சந்துகளுக்குள் பயணிகள் நுழைவதையே நிறுத்தினார்கள்.

லாவோஸ் நாட்டின் லுவாங் பிரபாங் 1995இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட நகரம். விடியற்காலையில் பௌத்த பிக்குகள் வரிசையாக வர, மக்கள் மண்டியிட்டுச் சோறிடுவது அங்கே நாள்தோறும் நடக்கும் அறம். அந்த அமைதிக்கு நடுவே பிக்குகளின் முகத்தருகே ஒளி பாய்ச்சிப் படம் எடுப்போர் பெருகியதால், தள்ளி நின்று பாருங்கள், ஒளி பாய்ச்சாதீர்கள் என்று அங்கு கேட்டுக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் உலுரு பாறை 1985ஆம் ஆண்டில் அதன் பூர்வீகக் குடிகளான அனாங்கு மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பாறையின் சில பகுதிகள் அவர்களுக்கு வேதநூலைப் போன்றவை. நேரில் வந்து காண வேண்டியவை. அங்கே படம் எடுக்க வேண்டாம் என்று அறிவிப்புகள் உள்ளன.

இவற்றையெல்லாம் கேட்கும்போது, 'ஒரு படத்துக்கு இத்தனை கெடுபிடியா?' என்று சிலருக்குத் தோன்றலாம். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். நமக்கும் அது வந்திருக்கிறது. 1891ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளை பத்துமலையில் முருகனுக்குக் கோயில் கண்டார். அடுத்த ஆண்டு முதல் அங்கே தைப்பூசம் நடந்து வருகிறது. பல நாள் விரதமிருந்து, அலகு குத்தி, காவடி சுமந்து படியேறும் அடியாரின் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் காமிராவை நீட்டும் அயல்நாட்டுப் பயணிகளை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அலகு குத்தும் நேரத்தில், அவருடைய தாய் கண்ணீர் மல்க நிற்கும் வேளையில், இருவருக்கும் நடுவே புகுந்து படம் எடுப்போரும் உண்டு. அந்தப் படம் எங்கோ ஒரு நாட்டில் 'விசித்திரமான சடங்கு' என்ற தலைப்பில் வெளிவரலாம். அதில் தாய் இல்லை, விரதம் இல்லை, நேர்த்திக்கடனின் காரணமும் இல்லை. அலகு மட்டுமே இருக்கும். தள்ளி நின்று, கேட்டு, வழிவிட்டுப் படம் எடுக்கும் பயணிகளும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, விளக்கம் சொல்லி, நம்மவரே படம் எடுக்க உதவுவதையும் காண்கிறோம்.

ஆகவே நேயர்களே, நாம் வெளிநாடு செல்லும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்குப் புத்தகம் தேடவேண்டியதில்லை. பத்துமலையில் நம்மிடம் எப்படி நடந்துகொண்டால் நமக்கு உவப்பாக இருக்குமோ, அதுவே அளவு. செல்லும் நாட்டின் மொழியில் 'படம் எடுக்கலாமா?' என்ற ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொள்வது பெரிய காரியமில்லை. அதுவும் இயலாவிட்டால் காமிராவைக் காட்டி, முகத்தைப் பார்த்துப் புன்னகை செய்தால் போதும். தலையசைப்பு பெரும்பாலான நாடுகளில் விளங்கும். மறுத்துக் கையசைத்தால் அந்த மறுப்பை ஏற்று நகர்ந்துவிட வேண்டும். மறைந்து நின்று எடுப்பது, கேட்டு மறுக்கப்பட்டதைக் கேளாமல் எடுத்துக்கொள்வதே ஆகும்.

குழந்தைகளைப் படம் எடுக்குமுன் பெற்றோரைக் கேட்க வேண்டும். வழிபடுவோர், துக்கத்தில் இருப்போர், நோயாளிகள், குளிப்போர் ஆகியோரை விட்டுவிட வேண்டும். ஏழ்மை மட்டுமே தெரியும்படி ஒரு நாட்டைப் படம் பிடித்து வருவதும் பழைய அஞ்சலட்டைக்காரர்களின் வேலையே. எடுத்த படத்தை அவரிடமே காட்டலாம். அனுப்புவதாகச் சொன்னால் மறவாமல் அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் சம்மதித்தால் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். 'லாவோஸ் கிழவி' என்று குறிப்பதற்கும், அவர் பெயரையும் ஊரையும் அன்று அவர் விற்றுக்கொண்டிருந்த பொருளையும் குறிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, பெயரில்லாத நம் பாட்டிமாரின் படங்களைப் பார்க்கும் நாம் அறிய மாட்டோமா?

லாம்பர்ட் போன்றோர் எடுத்துவைத்த படங்களை நாம் வெறுத்து ஒதுக்குவதற்கில்லை. அக்காலத்துத் தமிழர் எப்படி உடுத்தினார்கள், எந்தத் தெருவில் கடை வைத்தார்கள், எந்த வண்டியை ஓட்டினார்கள் என்பதற்கு அவையே இன்று நமக்குள்ள சான்றுகளுள் பல. அவற்றை அரும்பொருளகங்களிலும் ஆவணக் காப்பகங்களிலும் காணும்போது நன்றியும் வருத்தமும் ஒருங்கே எழுகின்றன. படம் எடுக்கப்பட்டதே என்ற நன்றி. எடுத்தவர் ஒரு வார்த்தை கேட்டு, ஒரு பெயர் எழுதியிருக்கலாகாதா என்ற வருத்தம்.

தமிழில் நாம் 'படம் எடுத்தேன்' என்கிறோம். 'படம் பிடித்தேன்' என்கிறோம். எடுப்பதும் பிடிப்பதும் பிறரிடமிருந்து பெறும் செயல்கள். தருபவர் ஒருவர் இருக்கிறார் என்பதை அச்சொற்களே நமக்கு நினைவூட்டட்டும். நாம் இன்று வெளிநாட்டில் எடுக்கும் படத்தை, நூறாண்டு கழித்து அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் பார்க்க நேரலாம். அதில் தம் பாட்டியின் முகத்தையும் கீழே அவர் பெயரையும் கண்டு அவர் மகிழும்படி, நம் படங்கள் அமையட்டும்.